ஃபிளீஸ் போர்வையைக் கையால் செய்து பரிசளிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்காலம் நெருங்கும்போது, இரண்டு ஃபிளீஸ் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களைப் பட்டை பட்டையாக வெட்டி, முடிச்சுகள் போட்டே ஒரு போர்வையைச் செய்து முடிக்கும் வழக்கம் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் தேவாலயக் குழுக்களிலும் உண்டு. ஊசியும் நூலும் தேவைப்படாத இந்தக் கைவேலையை அங்கு குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் பிறந்தநாளுக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் பரிசாகச் செய்யத் தொடங்கியிருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தர முயன்றிருக்கிறேன்.

ஃபிளீஸ் என்பது என்ன துணி? அது ஏன் வெட்டிய இடத்தில் பிரிவதில்லை?

ஃபிளீஸ் பாலியெஸ்டர் இழையால் ஆனது. அது தறியில் நெய்யப்படுவதில்லை. பனியன் துணியைப் போலப் பின்னல் இயந்திரத்தில் பின்னப்படுகிறது. பின்னிய துணியின் இரு பக்கங்களையும் நுண்ணிய கம்பித் தூரிகைகளால் வருடி, இழைகளை மேலே கிளப்பிவிட்டு, பிறகு ஒரே உயரத்துக்குக் கத்தரித்துச் சீராக்குகிறார்கள். நெய்த துணியின் வெட்டு விளிம்பில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடு நூலும் தனித்தனியாகக் கழன்று வரும். ஃபிளீஸிலோ கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பதோடு, கிளப்பிவிடப்பட்ட இழைகளும் சிக்கிப் பிணைந்திருப்பதால் நூல் பிரிந்து வருவதில்லை. ஓரம் அடிக்காமலேயே போர்வை செய்ய முடிவதற்கு இதுவே காரணம்.

கிளம்பி நிற்கும் இழைகளுக்கிடையே தங்கும் காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. பாலியெஸ்டர் ஈரத்தை மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால், துவைத்த போர்வை விரைவில் உலர்ந்துவிடும். அதே பாலியெஸ்டர் நெருப்புக்கு அருகில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சேர்த்தே மனத்தில் கொள்ள வேண்டும். குத்துவிளக்கு, கற்பூரத் தட்டு, கணப்பு, மின்சூடேற்றி ஆகியவற்றின் அருகே இந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காரக் கூடாது என்று பரிசோடு சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

இந்தத் துணி எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஆலை நகரம் இருக்கிறது. அங்கிருந்த மால்டன் மில்ஸ் என்ற நிறுவனம், மலையேறுவோருக்கான உடைகளைத் தயாரிக்கும் பட்டகோனியா நிறுவனத்துடன் இணைந்து, 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்றைய ஃபிளீஸுக்கு வடிவம் கொடுத்தது. கம்பளியின் கதகதப்பு வேண்டும், ஆனால் அதன் பாரமும் ஈரம் கோத்துக்கொள்ளும் குணமும் வேண்டாம் என்பதே அவர்களின் தேவை. 1995 டிசம்பர் 11 அன்று அந்த ஆலை பெருந்தீயில் எரிந்தபோது, அதன் உரிமையாளர் ஏரன் ஃபோயர்ஸ்டைன் ஆலையை அதே ஊரில் மீண்டும் கட்டினார்; வேலையின்றி இருந்த தொழிலாளர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளமும் கொடுத்தார். துணி வரலாற்றில் நான் பெரிதும் மதிக்கும் செயல் அது. 1990களின் தொடக்கத்திலிருந்து, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களை உருக்கி எடுத்த இழையிலும் ஃபிளீஸ் தயாராகிறது.

கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் கேட்க வேண்டியது ஆன்ட்டி-பில் வகை. துவைக்கத் துவைக்க மேற்பரப்பில் சின்னச் சின்ன உருண்டைகள் பிடித்துத் துணி பழசாகத் தெரிவதை இந்த வகை வெகுவாகத் தாமதப்படுத்தும். ஒரு பக்கம் மட்டும் அப்படிப் பதப்படுத்தப்பட்ட துணிகளும் உண்டு என்பதால் இரு பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். துணியின் ஒரு மூலையை இரு விரல்களுக்கிடையே வைத்துச் சற்று நேரம் தேய்த்துப் பார்த்தால், மட்டமான துணி அங்கேயே பிசிறு விடத் தொடங்கும். பிறகு துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் பின்னல் ஜல்லடையாகத் தெரிந்தால் அது முடிச்சைத் தாங்காது. பட்டையை இறுக்கும்போதே நீண்டு மெலிந்துவிடும்.

கனத்தைப் பொறுத்தவரை, ஒரு சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் வரையிலான துணி இரட்டை அடுக்குப் போர்வைக்குப் போதுமானது. அதைவிடக் கனமானதை இரண்டு அடுக்காகப் போட்டால் முடிச்சுகள் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தடித்து, போர்த்திக்கொள்பவரை உறுத்தும்.

அமெரிக்காவில் பலரும் ஃபிளீஸ் வாங்கப் பழகியிருந்த ஜோஆன் துணிக்கடைகள் 2025இல் முழுவதுமாக மூடப்பட்டுவிட்டன; இப்போது பிற கைவினைக் கடைகளிலும் இணையத்திலும்தான் தேட வேண்டும். இணையத்தில் வாங்கினால், முழு அளவுக்கு முன் ஒரு சிறு மாதிரியை வரவழைத்துத் தொட்டுப் பார்ப்பது வீண் செலவல்ல. இந்தியாவில் வாங்குவோர் போலார் ஃபிளீஸ் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். திருப்பூரில் வெறுமனே ஃபிளீஸ் என்று கேட்டால், ஸ்வெட்ஷர்ட் தைக்கப் பயன்படும், உள்பக்கம் மட்டும் பஞ்சுபோல் வருடப்பட்ட பருத்தித் துணியைத் தந்துவிடக்கூடும். அது நல்ல துணிதான், ஆனால் முடிச்சுப் போர்வைக்கு ஏற்றதல்ல.

எவ்வளவு துணி வேண்டும்?

யாருக்குக் கொடுக்கிறோம், அவர் அதை எங்கே வைத்துப் பயன்படுத்துவார் என்பதைத் தீர்மானித்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும். துணியின் அச்சு அழகாக இருக்கிறதே என்று முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற ஆளைத் தேடுவது பலரிடமும் காணும் பழக்கம். அப்படிச் செய்த போர்வைகள் பெரும்பாலும் அலமாரியில் மடித்தபடியே இருந்துவிடுகின்றன.

ஃபிளீஸ் வழக்கமாக 58 முதல் 60 அங்குலம் வரை அகலத்தில் வரும். ஒன்றரை கெஜம் என்பது 54 அங்குல நீளம். நான்கு ஓரத்திலும் 4 அங்குலம் பட்டைகளுக்குப் போய்விடும் என்பதால், 54க்கு 58 அளவுள்ள துணியில் முடிச்சுகளுக்கு உள்ளே கிடைப்பது 46க்கு 50 அங்குலம் மட்டுமே. சோபாவில் உட்கார்ந்து மடியிலும் தோளிலும் போட்டுக்கொள்ள இது போதும். உயரமான ஒருவர் கால் நீட்டிப் படுத்துத் தலைமுதல் கால்வரை போர்த்திக்கொள்ள வேண்டுமானால், பக்கத்துக்கு இரண்டு கெஜமாவது வாங்குங்கள். சிறு பிள்ளைகளுக்கு ஒரு கெஜம் போதும். இவையெல்லாம் ஒரு பக்கத்துக்கான கணக்கு; மறுபக்கத்துக்கும் அதே அளவு வேண்டும்.

ஒன்றரை கெஜத்தில் இரண்டு அடுக்காகச் செய்த போர்வை, 250 கிராம் கனமுள்ள துணியில் ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். வயதானவர்களுக்கு அந்த எடையே சில நேரம் அதிகமாகிவிடலாம். சென்னையில் ஏ.சி. அறைக்கு என்றால் ஒற்றை அடுக்கே போதுமானது.

படம் அச்சிட்ட துணியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படங்கள் பெரும்பாலும் துணியின் நீளவாக்கில்தான் நிமிர்ந்து நிற்கும். யானையோ ரயிலோ நேராகத் தெரிய வேண்டுமானால், வாங்கும் நீளமே போர்வையின் உயரமாக அமையும்.

துணியை முதலில் துவைக்க வேண்டுமா?

இரு பக்கமும் பாலியெஸ்டர் ஃபிளீஸ் என்றால் தேவையில்லை, அது சுருங்காது. ஒரு பக்கம் பருத்தி ஃபிளானல் வைப்பதாக இருந்தால், அந்தப் பருத்தித் துணியை மட்டும் முதலில் துவைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே ஒரு பக்கம் மட்டும் சுருங்கி, போர்வை முழுவதும் கோணிக்கொள்ளும்.

வெட்டுவதற்கு என்னென்ன கருவிகள் தேவை?

நல்ல கூர்மையான துணிக் கத்தரி, அளவு நாடா, நீண்ட அடிக்கோல், பேப்பர் டேப் ஆகியவை போதும். காகிதம் வெட்டும் கத்தரி இரண்டு அடுக்கு ஃபிளீஸை மென்று துப்புமே தவிர வெட்டாது. அடிக்கடி செய்யப் போகிறீர்கள் என்றால், வட்டமான தகடு சுழன்று வெட்டும் ரோட்டரி கட்டரும் அதற்கான தடித்த பாயும் வாங்குவது நல்ல முதலீடு. 45 மி.மீ. தகடு பொதுவானது, இரண்டு அடுக்கை ஒரே இழுப்பில் வெட்ட 60 மி.மீ. வசதியானது. மூட்டுவலி உள்ளவர்களுக்கு, தானாகத் திறந்துகொள்ளும் ஸ்பிரிங் கத்தரி பெரிய உதவி. ரோட்டரி கட்டரின் தகடு மிகக் கூரானது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அதன் காப்பை மூடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும்.

எப்படி வெட்ட வேண்டும்?

போர்வையின் தரம் தீர்மானமாவது வெட்டுவதில்தான். முடிச்சை யாரும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள், ஆனால் கோணலாக வெட்டிய துணியை எந்த முடிச்சாலும் நேராக்க முடியாது.

தரையைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, அடித்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். மேல்துணியை உள்பக்கம் கீழே வரும்படி அதன்மேல் விரித்தால், இரண்டின் நல்ல பக்கங்களும் வெளியே அமைந்துவிடும். விரிப்பதற்கு முன் உள்ளங்கையால் இரண்டு துணிகளையும் தடவிப் பார்த்து, மயிர், அதாவது மேலே கிளம்பி நிற்கும் இழைகள், படியும் திசை இரண்டிலும் ஒன்றாக இருக்குமாறு வையுங்கள். நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தடவிச் சுருக்கம் எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. ஃபிளீஸ் அகலவாக்கில் நன்றாக நீளும் துணி என்பதால், இழுத்து வைத்து வெட்டினால் விட்டவுடன் சுருங்கி அளவு மாறிவிடும்.

அடுத்து, இரண்டு அடுக்குகளையும் சேர்த்தே கரைகளை வெட்டி நீக்குங்கள். கரை ஓரமாக வரிசையாக ஊசித் துளைகள் தெரியும். ஆலையில் துணியை அகலமாகப் பிடித்து உலர்த்தும்போது ஏற்பட்டவை அவை. அந்தப் பகுதி விறைப்பாக இருப்பதால் அதில் முடிச்சு சரியாக அமராது. நான்கு ஓரமும் நேரானதும், ஒவ்வொரு மூலையிலும் 4 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி எடுத்துவிடுங்கள். அதை எடுக்காவிட்டால், அடுத்தடுத்த இரு ஓரங்களின் பட்டைகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மோதும்.

பிறகு ஓரத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே, மூலைச் சதுரங்களின் உள்விளிம்பை இணைத்துப் பேப்பர் டேப்பை நீளமாக ஒட்டுங்கள். வெட்டு அங்கே நிற்க வேண்டும் என்பதற்கான எல்லை அது. ஒரு அங்குல அகலத்தில் பட்டைகளை வெட்டிக்கொண்டே போனால், முன்சொன்ன 46க்கு 50 அளவுக்கு நான்கு பக்கமும் சேர்த்து 192 இணைகள் வரும். அவ்வளவு முடிச்சுக்குப் பொறுமை இல்லையென்றால் பட்டையை ஒன்றரை அங்குலமாக்குங்கள். எண்ணிக்கை 128 ஆகக் குறைந்துவிடும், பார்வைக்கும் குறைவு தெரியாது.

முடிச்சை எப்படிப் போடுவது? என் போர்வையின் ஓரம் ஏன் சுருக்குப் பை போலச் சுருங்கிவிட்டது?

மேல்பட்டையையும் அதற்கு நேர் கீழே உள்ள பட்டையையும் எடுத்து, வலதை இடதின்மேல் போட்டு ஒரு முடிச்சு, பிறகு இடதை வலதின்மேல் போட்டு இன்னொரு முடிச்சு. இரண்டு தடவையும் ஒரே பக்கமாகப் போட்டால் முடிச்சு திருகிக்கொண்டு நாளடைவில் நெகிழ்ந்துவிடும். இன்னொரு முறையில், இரண்டு பட்டைகளையும் சேர்த்துப் பிடித்து, விரலைச் சுற்றி வளையமாக்கி, நுனிகளை அதன் வழியே இழுத்துவிடுகிறார்கள். இது விரைவாக முடியும், குழந்தைகளுக்கும் எளிது.

ஓரம் சுருங்குவதற்குக் காரணம் இறுக்கம்தான். முதல் முடிச்சைப் பட்டையின் அடிவரை இழுத்து இறுக்கும்போது இரு பக்கத் துணியும் கூடவே இழுபடுகிறது. ஒரு முடிச்சில் அது தெரியாது. ஒரே பக்கத்தில் ஐம்பது முடிச்சுகள் சேர்ந்ததும் ஓரம் நடுப்பகுதியைவிடக் குறுகி, போர்வை கிண்ணமாக எழும்பும். முதல் முடிச்சை அடியில் தளர்வாக உட்கார வைத்து, விரலால் ஓரத்தைத் தட்டையாக நீவிவிட்டு, இரண்டாம் முடிச்சை மட்டும் இறுக்குங்கள். நான்கைந்து முடிச்சுக்கு ஒருமுறை போர்வையைத் தரையில் பரப்பிப் பார்ப்பதும் உதவும். ஒரு மூலையில் தொடங்கி வரிசையாகச் சுற்றி வருவதைவிட, ஒவ்வொரு ஓரத்தின் நடுவிலும் முதலில் சில முடிச்சுகள் போட்டு இரண்டு துணிகளையும் நிலைநிறுத்திவிட்டு மூலைகளை நோக்கிப் போவதே என் தேர்வு. அப்போது ஒரு துணி நகர்ந்து மறுதுணி மிஞ்சிப்போவதில்லை.

ஏற்கெனவே சுருங்கிவிட்ட போர்வை வீணாகிவிடவில்லை. முடிச்சுகளை அவிழ்த்துத் தளர்த்திப் போடலாம்; ஃபிளீஸ் அதைத் தாங்கும்.

முடிச்சே இல்லாமல் செய்ய முடியுமா?

முடியும். பட்டைகளைச் சற்றுக் குறுகிய நீளத்தில் வெட்டி, ஒவ்வொரு இணையின் அடிப்பகுதியிலும் இரண்டு அடுக்கையும் ஊடுருவும்படி அரை அங்குலத்துக்கு ஒரு சிறு பிளவு போட்டு, பட்டைகளின் நுனிகளைக் கீழிருந்து அந்தப் பிளவின் வழியே மேலே இழுத்துவிட்டால் போதும். ஓரம் தட்டையாக, பின்னல் போட்டது போல அமையும். முடிச்சின் உறுத்தலை விரும்பாதவர்களுக்கு இதுவே சிறந்தது.

தையல் இயந்திரம் உள்ளவர்கள் இரண்டு துணிகளையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துச் சுற்றிலும் தைத்து, விட்டுவைத்த இடைவெளி வழியே திருப்பி எடுக்கலாம். பின்னல் துணிக்கான மழுங்கிய முனை ஊசியில் 90 எண்ணும், பாலியெஸ்டர் நூலும், 3 மி.மீ.க்குக் குறையாத தையல் நீளமும் வையுங்கள். ஃபிளீஸ் நிறையப் பஞ்சு விடும் என்பதால் தைத்து முடித்ததும் பாபின் பகுதியைத் துடைக்க வேண்டும். தையலைப் படிய வைக்க இஸ்திரிப் பெட்டியைத் துணியின் மேல் வைக்காதீர்கள். மயிர் நசுங்கிப் பளபளவென்று தடம் விழுந்தால் அது போகாது.

பிறந்த குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் தூங்கும் குழந்தையின்மேல் போர்த்துவதற்கல்ல. முதல் ஓராண்டுக்குக் குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வையோ மென்மையான பொருள்களோ இருக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. மூச்சுத் திணறும் ஆபத்தே காரணம். பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கையில் தரையில் விரித்துக் கவிழ்ந்து விளையாட விடுவதற்கு இது நன்றாகப் பயன்படும். அதற்காகச் செய்யும்போது தொங்கும் பட்டைகளைத் தவிர்த்து, ஓரத்தைத் தைத்துவிடுங்கள். குழந்தைகள் கைக்குக் கிடைக்கும் முடிச்சை வாயில் வைத்துச் சப்புவார்கள். நீண்ட பட்டைகள் விரலிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளக்கூடும். பரிசைக் கொடுக்கும்போது இதைத் தாயிடமோ பாட்டியிடமோ வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். குளிர்கிறதே என்று அன்பினால் போர்த்திவிடுபவர்கள் அவர்கள்தாம்.

தாத்தா பாட்டிக்குச் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சக்கர நாற்காலியில் இருப்பவர் என்றால் குஞ்சம் தொங்கும் போர்வை வேண்டாம், சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். மடியை மறைத்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவில், மூலைகளை வளைவாக வெட்டி, ஒற்றை அடுக்காகவே விட்டுவிடலாம். நடமாடுபவர் என்றால், எழுந்து நிற்கும்போது காலில் மிதிபடாத நீளம் முக்கியம். முதியோர் இல்லத்தில் எல்லோருடைய துணிகளையும் சேர்த்துத்தான் துவைப்பார்கள் என்பதால், பெயரெழுதிய நாடாத் துண்டு ஒன்றை ஒரு மூலையில் தைத்துக் கொடுங்கள். கண்பார்வை மங்கியவர்களுக்கு நுணுக்கமான பூ அச்சைவிட, ஒரு பக்கம் அடர்நிறமும் மறுபக்கம் வெளிர்நிறமும் உள்ள போர்வை பயன்படும். எந்தப் பக்கம் எது என்று உடனே தெரியும்.

மருத்துவமனையில் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்க வழி உண்டா?

அமெரிக்காவில் பிராஜெக்ட் லைனஸ் என்ற அமைப்பு இதற்காகவே இயங்குகிறது. கடும் நோயிலோ அதிர்ச்சியிலோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கையால் செய்த போர்வைகளைத் திரட்டித் தருவது அதன் பணி. புற்றுநோய் சிகிச்சையின்போது ஒரு சிறு போர்வையைத் துணையாக வைத்திருந்த சிறுமியைப் பற்றி 1995 கிறிஸ்துமஸ் சமயத்தில் வெளியான ஒரு பத்திரிகைக் கட்டுரையைப் படித்த கேரன் லவுக்ஸ் என்ற பெண்மணி, கொலராடோவில் இதைத் தொடங்கினார். எப்போதும் போர்வையும் கையுமாகத் திரியும் ஒரு கேலிச்சித்திரச் சிறுவனின் பெயரே அமைப்புக்கு வைக்கப்பட்டது. முடிச்சுப் போட்ட ஃபிளீஸ் போர்வைகளையும் ஏற்கிறார்கள்.

எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் போர்வை புதிதாகவும் துவைக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்; புகைபிடிக்கும் வீட்டின் வாடை இருக்கக் கூடாது. குண்டூசி பயன்படுத்தினால் குத்தும்போதும் எடுக்கும்போதும் எண்ணுங்கள். ஃபிளீஸின் மயிருக்குள் ஊசி முழுவதும் மறைந்துவிடும் என்பதால், அதற்குப் பதில் பெரிய கிளிப்புகளைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது. புற்றுநோய் சிகிச்சை பெறுவோருக்கு வாசனையே குமட்டலை உண்டாக்கலாம்; மணமில்லாத சோப்பில் துவைத்துக் கொடுங்கள்.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. வெட்டுவது பெரியவர் வேலை, முடிச்சுப் போடுவது பிள்ளைகள் வேலை என்று பிரித்துக்கொண்டால் எட்டு வயதுப் பிள்ளையும் நன்றாகச் செய்யும். தங்கைக்காகவோ ஊரிலுள்ள அப்பம்மாவுக்காகவோ தான் போட்ட முடிச்சுகளைப் பிள்ளை சரியாக அடையாளம் காட்டும். கோணலாக இருந்தாலும் அவற்றை அவிழ்த்துத் திருத்தாதீர்கள்.

எப்படித் துவைப்பது? சுற்றுச்சூழலுக்குக் கேடு என்கிறார்களே?

குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில், மிதமான சோப்பில், தனியாகத் துவைக்கவும். துண்டு போன்ற பருத்தித் துணிகளோடு போட்டால் அவற்றின் பஞ்சு முழுவதும் ஃபிளீஸில் ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவமும் பிளீச்சும் வேண்டாம். திரவம் இழைகளில் படிந்து மயிரை அமுக்கிவிடும். நிழலில் கொடியில் உலர்த்துவதே போதும்.

சுற்றுச்சூழல் பற்றிய கவலை நியாயமானது. பாலியெஸ்டர் உடையை ஒருமுறை துவைக்கையில் 1900க்கும் மேற்பட்ட நுண்ணிழைகள் கழிவுநீரில் கலக்கக்கூடும் என்று மார்க் பிரவுனும் அவரது சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஆகவே அழுக்கானால் மட்டும் துவைப்பது, இழைகளைப் பிடித்துக்கொள்ளும் சலவைப் பையைப் பயன்படுத்துவது, வடிகட்டியில் சேரும் பஞ்சைக் கழுவிவிடாமல் குப்பையில் போடுவது ஆகியவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும். தேவைக்கு மேல் செய்து குவிக்காமல், நெடுநாள் உழைக்கும் துணியில் ஒன்றைச் செய்வது இன்னும் நல்லது.

கடையில் வாங்கினால் மலிவாயிற்றே?

ஆம், ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபிளீஸ் போர்வை பெரும்பாலும் துணியின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். காசு மிச்சமாகும் என்பதற்காக இதைச் செய்ய வேண்டாம். ஆறடி உயரத் தம்பிக்கு நீளமாகவும், நாற்காலியில் இருக்கும் பெரியம்மாவுக்குக் குட்டையாகவும், அவரவர்க்குப் பிடித்த நிறத்திலும் கிடைக்க வேண்டுமானால் செய்துதான் தர வேண்டும்.

மிச்சத் துண்டுகளை என்ன செய்வது?

மூலைகளிலிருந்து வரும் சதுரங்கள் இரண்டு அடுக்குக்கும் சேர்த்து எட்டு இருக்கும். தூசியை நன்றாகப் பிடிக்கும் என்பதால் புத்தக அலமாரி துடைக்க ஏற்றவை. வெட்டி நீக்கிய கரைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கித் தலையணைக்குள் அடைக்கலாம். கையகலத் துண்டுகள் மிஞ்சினால், விலங்குக் காப்பகங்களில் பூனைக்கூண்டு விரிப்புக்குக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்களா என்று விசாரியுங்கள். நாய்களுக்கு என்றால் முடிச்சில்லாத ஒற்றைத் துண்டாகக் கொடுங்கள். முடிச்சைக் கடித்துப் பிய்த்து விழுங்கிவிடும்.